குழந்தை அழ வேண்டியதில்லை

துக்கத்தில் இருக்கும் குழந்தையைப் பற்றிக் குறும்படம் எடுக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது அழுகைக் காட்சியைத்தான். மாலை போட்ட போட்டோ, ஊதுவத்திப் புகை, அதன் முன்னால் கன்னம் நனைய உட்கார்ந்திருக்கும் பிள்ளை. மற்ற காட்சிகளெல்லாம் அந்த ஒன்றை நோக்கியே நகர்கின்றன. நடிகர் தேர்வும் எந்தப் பிள்ளைக்குச் சட்டென்று அழுகை வரும் என்ற ஒரே கேள்வியில் முடிந்துவிடுகிறது. அந்தக் காட்சியைக் கைவிடுங்கள் என்பதே இந்த அத்தியாயத்தின் வேண்டுகோள். குழந்தையின் துக்கம் அது செய்யும் காரியங்களில் தெரிகிறது: விளையாட்டில், விடாமல் கேட்கும் கேள்வியில், யாரும் சொல்லாமல் தானே தலையில் போட்டுக்கொள்ளும் ஒரு வேலையில். அப்படி ஒரு காரியத்தைக் கண்டுபிடித்து அதன்மேல் படம் முழுவதையும் கட்டினால் படம் உண்மைக்கு நெருங்கி வரும், நடிக்கும் குழந்தைக்கும் தீங்கு வராது, கையிலிருக்கும் சிறு தொகைக்குள் வேலையும் முடியும். ஸ்கிரிப்ட் தொடங்கி எடிட் வரை இந்த மூன்று காரணங்களும் உங்களை ஒரே பக்கம்தான் அழைத்துச் செல்லும்.

ஆதாரத்திலிருந்து தொடங்குவோம். பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளைகளைப் பற்றி வில்லியம் வோர்டனும் ஃபிலிஸ் சில்வர்மனும் நடத்திய ஹார்வர்டு ஆய்வு, 70 குடும்பங்களைச் சேர்ந்த 6 முதல் 17 வயது வரையிலான 125 பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் இறந்தவரின் பொருள் ஒன்றைத் தம்மிடம் வைத்திருந்தார்கள். பலர் இறந்தவரோடு பேசினார்கள், அவர் தங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நம்பினார்கள். இன்னும் பழைய சான்று ஒன்று சினிமாவாகவே இருக்கிறது. 1952இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன், லாரா என்ற இரண்டரை வயதுக் குழந்தை சிறு அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் தனியே இருந்ததைப் படமாக்கினார். அழும் நேரமாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று தினமும் குறித்த நேரத்தில் கேமராவை ஓட்டினார். லாரா பெரும்பாலும் அழவில்லை. கரடிப் பொம்மையையும் போர்வையையும் இறுக்கிக்கொண்டு, தாழ்ந்த குரலில் அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இது சாவு அல்ல, பிரிவுதான். ஆனாலும் அந்த அடங்கிய முகம் மருத்துவர்களையும் செவிலியர்களையும் அவ்வளவு உலுக்கியதால் பலர் கோபப்பட்டார்கள். குழந்தைகள் வார்டுகளில் பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்க வேண்டும் என்று 1959இல் அந்நாட்டின் பிளாட் குழு பரிந்துரைக்க வழி வகுத்தவற்றில் அந்தப் படமும் ஒன்று. கையில் பிடித்த கேமரா, செயற்கை விளக்கு கிடையாது, ஒலி கிடையாது. நம்மில் யாருடைய பட்ஜெட்டும் அதைவிடக் குறைவாக இருக்காது.

எழுதத் தொடங்குமுன் உங்கள் பாத்திரத்தின் வயதை முடிவுசெய்யுங்கள், பிறகு அதை மாற்றாதீர்கள். இறந்தவர் திரும்ப மாட்டார், இறந்த உடலுக்குப் பசியோ வலியோ குளிரோ இல்லை, இது எல்லோருக்கும் நேரும் என்ற மூன்றையும் பெரும்பாலான குழந்தைகள் ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில்தான் புரிந்துகொள்கிறார்கள் என்று மார்க் ஸ்பீஸும் சாண்டர் பிரென்ட்டும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 1984இல் எழுதினார்கள். ஆகவே ஐந்து வயதுப் பாத்திரம் "அப்பாவுக்கு அங்க குளிராதா?" என்று கேட்கலாம். ஒன்பது வயதுப் பாத்திரம் கேட்கக்கூடியது வேறு: "நீயும் செத்துட்டா நான் யார்கிட்ட இருப்பேன்?" இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் வசனம் எழுதியவரின் குரல்தான் கேட்கும். பெரியவர்கள் என்ன சொல்லி மழுப்புகிறார்கள் என்பதும் கதைக்கு வேண்டிய செய்தி. "ஊருக்குப் போயிருக்காரு", "சாமிகிட்ட போயிட்டாரு", "தூங்குறாரு" என்று நம் வீடுகளில் சொல்வதைக் குழந்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். தூங்குகிறார் என்று கேட்ட பிள்ளை இரவில் கண்ணை மூடப் பயப்படலாம். அமெரிக்காவின் செசமி ஸ்ட்ரீட் நிகழ்ச்சியில் கடைக்காரராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்தபோது, அதன் தயாரிப்பாளர்கள் வேறு நடிகரைப் போட்டு ஒப்பேற்றவில்லை; கடைக்காரர் ஓய்வுபெற்றுவிட்டார் என்று சொல்லித் தப்பிக்கவும் இல்லை. குழந்தை உளவியல் அறிந்தவர்களைக் கலந்தாலோசித்து, முன்கூட்டியே குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டிப் பார்த்து, 1983 நவம்பர் 24 அன்று அவர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று நேராகச் சொன்னார்கள். பெற்றோர் வீட்டிலிருக்கும் விடுமுறை நாளாகப் பார்த்தே அது ஒளிபரப்பானது. அந்தப் பகுதியில் பெரிய பறவைப் பாத்திரம் என்ன செய்கிறது தெரியுமா? எல்லோருக்கும் தான் வரைந்த படங்களைக் கொடுத்துக்கொண்டே வருகிறது, கடைக்காரருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு அவரைத் தேடுகிறது. அந்தக் கதையைத் தூக்கி நிறுத்துவது கொடுக்க முடியாமல் கையில் மிஞ்சும் அந்தப் படம்தான்.

இதை நம் ஊர்க் கதை ஒன்றில் வைத்துப் பார்ப்போம். ஒரு தையல்காரர் இறந்து மூன்று வாரம். பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. பூட்டிய கடைக்குள் தைத்து முடித்த துணிகள், பெயர்ச் சீட்டு குத்தியபடி அடுக்கில் இருக்கின்றன. எட்டு வயது மகள் ஒரு சனிக்கிழமை மதியம் அப்பாவின் அளவு நோட்டை எடுத்துக்கொண்டு, அந்தத் துணிகளை வீடு வீடாகக் கொடுக்கக் கிளம்புகிறாள். முதல் வீட்டில் ஒரு அம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறார். அவர் பிடி தளரும்வரை காத்திருந்துவிட்டு, "நூத்தியிருபது ரூவா அத்தை" என்கிறாள் சிறுமி. இன்னொரு வீட்டில் முழுப் பணமும் கொடுத்துவிட்டேன் என்கிறார்கள். அப்பாவின் கையெழுத்தில் பாக்கி என்று இருக்கும் வரியை அவள் விரல் வைத்துக் காட்டுகிறாள். மூன்றாவது வீட்டுக்கான ரவிக்கையில் கொக்கி வைக்கவில்லை. "பரவால்ல குடும்மா, நான் வச்சுக்கிறேன்" என்கிறார் அந்த வீட்டுக்காரர். அவள் தர மறுக்கிறாள். இன்னும் முடியவில்லை என்று சொல்லித் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள். கதையின் மையம் இந்த மறுப்புதான். அப்பாவின் கடைசி வேலை அரைகுறையாகப் போய்விடக் கூடாது என்ற பிடிவாதத்துக்குள் அவளுடைய துக்கம் முழுவதும் இருக்கிறது, ஆனால் அந்தச் சொல்லைப் படத்தில் யாரும் சொல்வதில்லை. தயாரிப்புக் கணக்கையும் பாருங்கள்: ஒரு தெரு, ஒரு கடை, நான்கைந்து நடிகர்கள், பகல் வெளிச்சம். சாவு வீட்டைக் காட்டப் பந்தல், கூட்டம், வாடகை ஃப்ரீசர் பாக்ஸ் என்று போனால் ஆகும் செலவில் இந்தப் படத்தையே எடுத்து முடித்துவிடலாம். அந்தச் செலவுக் காட்சிகளில் குழந்தைக்குச் செய்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை என்பது அதைவிட முக்கியமான காரணம்.

இவ்வளவு அடக்கி வாசித்தால் பார்ப்பவருக்கு எட்டுமா என்று உங்கள் குழுவிலேயே யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு விடை 1955இலேயே வந்துவிட்டது. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் துர்கா இறந்த பிறகு தம்பி அப்பு தனியாக நின்று பல் தேய்க்கிறான், தானே தலை வாரிக்கொள்கிறான், வெளியே போகுமுன் வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து குடையை எடுத்துக்கொள்கிறான். அக்காவும் அம்மாவும் அவனைச் சீவிச் சிங்காரித்து அனுப்பியதை நாம் முன்னமே பார்த்திருப்பதால், அந்தக் குடை போதும். பிறகு, அக்கா திருடி ஒளித்துவைத்த மணிமாலை அவன் கையில் கிடைக்கிறது. யாருக்கும் தெரியாமல் அதைக் குளத்தில் எறிந்துவிடுகிறான். ரெனே க்ளெமான் 1952இல் எடுத்த 'தடைசெய்யப்பட்ட விளையாட்டுகள்' முதலில் குறும்படமாகத் தொடங்கிப் பிறகு முழுநீளப் படமாக வளர்ந்தது. குண்டுவீச்சில் பெற்றோரை இழந்த சிறுமி, தன் நாய்க்குட்டியைப் புதைக்கிறாள். அது தனியாக இருக்குமே என்று பிற பிராணிகளையும் புதைத்து ஒரு கல்லறைத் தோட்டமே உண்டாக்குகிறாள். அதற்காகச் சிலுவைகளைத் திருடவும் தோழன் ஒருவன் துணைக்கு வருகிறான். பெற்றோரைப் புதைக்க வாய்க்காத குழந்தை வேறு எதையோ புதைத்துக்கொண்டே இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. வாய்விட்டு அழுவதுதான் நம் மரபு. ஒப்பாரியும் மாரடித்தலும் உள்ள ஊரில் அடக்கமான துக்கம் என்பது திரைப்பட விழாக்களுக்காக இரவல் வாங்கிய ரசனை என்பார்கள். ஒப்பாரியை ஒதுக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அது படத்தில் இருக்கட்டும், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கட்டும், பெரியவர்கள் மனதார அழட்டும். ஆனால் நம் சடங்குகள் குழந்தையிடம் என்ன கேட்கின்றன என்று கவனியுங்கள். தாத்தாவின் சாவில் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கிறார்கள். தகப்பனை இழந்த சிறுவன் மொட்டை அடித்துக்கொண்டு, தன் கைக்குப் பெரிதான கொள்ளிச்சட்டியைச் சுமந்து நடக்கிறான். அழு என்று அவனிடம் யாரும் கேட்பதில்லை, ஒரு வேலையைத்தான் கொடுக்கிறார்கள். ஒப்பாரியும்கூட வெறும் கதறல் இல்லை. இறந்தவர் என்ன வாங்கித் தந்தார், எங்கே கூட்டிப்போனார், எப்படி உழைத்தார் என்று காரியங்களை அடுக்கிக்கொண்டு போகிறது. குழந்தையின் துக்கத்தைச் செயலாகக் காட்டுவது நம் மரபுக்கு வெளியே நிற்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் அப்பாவின் முகத்தைத் தினமும் தாண்டிப் பள்ளிக்குப் போகும் பிள்ளை, ஒருநாள் அந்த ஃப்ளெக்ஸ் எதற்கோ மறைப்பாகக் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்தால் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த ஊரில் மட்டுமே பிறக்கக்கூடிய கதை அது.

படப்பிடிப்புத் தளத்தில் இந்த வாதம் தர்க்கத்தைத் தாண்டி அறக் கேள்வியாகிவிடுகிறது. 1931இல் வந்த 'ஸ்கிப்பி' என்ற ஹாலிவுட் படத்தில் நாய் செத்ததற்காகச் சிறுவன் அழ வேண்டும். இயக்குநர் நார்மன் டாரோக், நடித்த ஜாக்கி கூப்பரின் உறவினரும்கூட. அழுகை வராதபோது, அந்தப் பையனுடைய சொந்த நாயைச் சுட்டுவிடுவதாக மிரட்டி அழவைத்தார்கள். டாரோக்குக்குச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் கிடைத்தது. ஒன்பது வயது கூப்பர் சிறந்த நடிகருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ஐம்பது ஆண்டு கழித்து 1981இல் தன்வரலாறு எழுதியபோது, தயவுசெய்து என் நாயைச் சுடாதீர்கள் என்ற பொருளில்தான் அதற்குத் தலைப்பு வைத்தார். அவ்வளவு காலம் அவருக்குள் அது இருந்திருக்கிறது. மிரட்டாமலும் முடியுமே, ழாக் துவாயோனின் 'பொனெட்' படத்தில் நான்கு வயது விக்துவார் திவிசோல் தாயை இழந்த குழந்தையாக அழுது, 1996இல் வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை விருதே வாங்கினாளே என்று கேட்கலாம். ஆம், வாங்கினாள். ஆனால் அந்தப் படத்துக்குப் பின்னால் குழந்தைகளோடு நீண்ட காலம் செய்த தயாரிப்பு இருந்தது, உளப்பகுப்பாய்வாளர் ஒருவரின் துணையும் இருந்தது. அப்படியிருந்தும் அந்த வயதில் இது சரியா என்ற கேள்வி எழத்தான் செய்தது. இரண்டு நாள் கால்ஷீட்டில், கல்லூரி நண்பர்கள் சேர்ந்து எடுக்கும் படத்துக்கு அந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. அதோடு, அந்தப் படத்தில் நினைவில் நிற்பவை கண்ணீரைவிட, அம்மாவை வரவழைக்கப் பொனெட் செய்து பார்க்கும் சோதனைகளும் கடவுளைப் பற்றிப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சும்தான். கிளிசரின் போட்டுச் சமாளிப்பதும் வேண்டாம். அது கண்ணைக் கரிக்கும், பிள்ளையின் கவனம் முழுதும் அந்த எரிச்சலில் போய்விடும்.

மாற்று வழியை ராயே எழுதிவைத்திருக்கிறார். நாணல் காட்டில் அக்காவைத் தேடி அப்பு தயங்கித் தயங்கி நடக்க வேண்டும். தேடும் முகத்தைக் காட்டு என்று சிறுவனிடம் சொல்லிப் பயனில்லை. அவன் நடக்கும் வழியில் குச்சிகளைப் போட்டுத் தாண்டச் சொன்னார், உதவியாளர்களை நாணலுக்குள் ஒளித்துவைத்துக் குறித்த இடங்களில் அவன் பெயரைக் கூப்பிட வைத்தார். கால் தடங்கியது, தலை திரும்பியது, தேடல் தானாக வந்தது. நம் தையல்காரர் மகளிடமும் "அப்பாவை நினைச்சுக்கோ" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். இந்த நூல் முடிச்சை நகத்தால் அவிழ்த்துப் பார், துணி கசங்காமல் படியேறு, சில்லறையை எண்ணிச் சரிபார் என்று சொல்லுங்கள். முடிச்சு உண்மையிலேயே கடினமானதாக இருக்கட்டும். கட்டிக்கொண்டு அழும் அத்தை பாத்திரத்தில் நடிப்பவரைக் குழந்தையோடு முன்னதாகவே பழகவிடுங்கள். அழுது முடித்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பதைக் குழந்தை பார்க்க வேண்டும். கதையை மறைத்து எடுக்கலாமா என்றால், கூடாது. அவள் வயதுக்குப் புரியும் அளவில், இந்தப் பொண்ணோட அப்பா செத்துட்டாரு, இது கதை, உன் அப்பா அதோ உட்கார்ந்திருக்காரு என்று முதல் நாளே சொல்லுங்கள். அண்மையில் வீட்டில் ஒருவரை இழந்த பிள்ளையை இந்தப் பாத்திரத்துக்கு எடுக்காதீர்கள், நடிப்பு எவ்வளவு இயல்பாக வந்தாலும்.

சட்டம் பெரிய கம்பெனிகளுக்குத்தான் என்று குறும்படக்காரர்கள் நினைப்பது தவறு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 2017இல் திருத்தப்பட்ட விதிகள்படி, 14 வயது நிரம்பாத குழந்தை நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடிக்கக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். குழந்தையின் பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒருவர் இருக்க வேண்டும், பள்ளிப் படிப்பு தடைபடக் கூடாது, விருப்பமில்லாமல் நடிக்க வைக்கக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். ஐந்து மணி நேரம் என்றதும் தயாரிப்பு மேலாளர் முகம் வாடும். செயலை மையமாகக் கொண்ட ஸ்கிரிப்டுக்கு அது போதும். அழுகைக்காகக் காத்திருக்கும் ஸ்கிரிப்டுக்குத்தான் பத்து மணி நேரமும் போதாது.

கேமராவைத் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே வையுங்கள். எட்டு வயதுக் குழந்தையின் கண் அங்கேதான் இருக்கிறது. பெரியவர்களின் முகம் சில சமயம் ஃப்ரேமுக்கு வெளியே போகும், போகட்டும். ஒலியைத் தளத்திலேயே பதிவுசெய்யுங்கள். ஒரு மாதம் கழித்து டப்பிங் அறையில் மைக் முன்னால் அந்த மூச்சு வராது. எடிட்டில் முகத்தை நம்புங்கள். ஒரே முகத்தின் ஒரே ஷாட்டைச் சூப்புக் கிண்ணம், சவப்பெட்டி, விளையாடும் குழந்தை ஆகியவற்றுக்கு அடுத்தடுத்து வைத்து சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்த சோதனையில், பார்த்தவர்கள் அந்த முகத்தில் ஆழ்ந்த யோசனையையும் துயரத்தையும் மகிழ்ச்சியையும் கண்டார்கள் என்று அவரோடு பணியாற்றிய புடோவ்கின் எழுதினார். கொக்கி இல்லாத ரவிக்கையைப் பார்க்கும் குழந்தையின் முகம் சும்மா இருந்தாலே போதும். நிரப்புவதைப் பார்ப்பவர் செய்துகொள்வார். ரீ-ரெக்கார்டிங்கில் அந்த இடத்தில் வயலினை ஏற்றினால் அவருக்கு வேலையில்லாமல் போய்விடும்.

கடைசியில் அவள் தேறிவிட்டதாகக் காட்ட வேண்டாமா என்பது இறுதி ஆட்சேபம். மேலே சொன்ன ஹார்வர்டு ஆய்வில் சில பிள்ளைகளுக்குச் சிரமம் முதல் ஆண்டைவிட இரண்டாம் ஆண்டில்தான் வெளிப்பட்டது. பத்து நிமிடப் படம் அதை முடித்துவைப்பதாகச் சொல்வது பொய். மிகாயெல் டூடோக் டெ விட்டின் 'தந்தையும் மகளும்' எட்டு நிமிடம்தான் ஓடுகிறது, ஒரு வசனம்கூட இல்லை. படகேறிப் போன அப்பாவை எதிர்பார்த்து ஒரு பெண் சிறுமியாகவும் தாயாகவும் கிழவியாகவும் சைக்கிளில் அதே கரைக்கு வந்துகொண்டே இருக்கிறாள். 2001இல் ஆஸ்கர் வாங்கிய அந்தப் படம் எதையும் ஆற்றிவைக்க அவசரப்படவில்லை. கண்ணீரே கூடாது என்ற விரதமும் வேண்டியதில்லை. கார்லா சிமோன் தன் சிறுவயதிலிருந்து எடுத்த 'கோடை 1993' படத்தில் தாயை இழந்த ஆறு வயது ஃபிரிடா படம் முழுக்க விளையாடுகிறாள், பொய் சொல்கிறாள், அடம் பிடிக்கிறாள். கடைசியில் கட்டிலில் குதித்து விளையாடும்போது திடீரென்று அழுகை வருகிறது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. அதுவரை செய்த காரியங்களெல்லாம் சேர்ந்துதான் அந்த அழுகையைக் கொண்டுவருகின்றன. உங்கள் படத்தில் அப்படி ஒன்று தானாக வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால், அவள் கடைப் படியில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோப்பதோடு நிறுத்திவிடலாம்.

படம் முடிந்ததும் முதல் திரையிடல், அதில் நடித்த குழந்தைக்கும் அவள் பெற்றோருக்கும் மட்டும் இருக்கட்டும். ஏதாவது ஒரு ஷாட் வேண்டாமென்று அவள் சொன்னால், வெளியிடுமுன் எடுத்துவிடும் உரிமையை அவளுக்குக் கொடுங்கள். பள்ளிகளில் திரையிடும்போது வகுப்பாசிரியரிடம் கதையை முன்னதாகச் சொல்லி, அண்மையில் வீட்டில் சாவு நடந்த பிள்ளைகள் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களை ஒதுக்கி உட்காரவைக்கக் கூடாது. வெளியே போக விரும்பினால் போகலாம் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். படம் முடிந்தவுடன் பேச அழைக்காமல் தாளும் கிரேயானும் கொடுங்கள், பேசுகிறவர்கள் வரைந்துகொண்டே பேசுவார்கள். குழந்தைகள் உதவி எண் 1098 என்ற அட்டை, நன்றி அறிவிப்புகள் ஓடி முடிந்த பிறகு வந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். அதற்கு முன்பே, பின்பெஞ்சிலிருந்தும் படிக்கும் அளவு பெரிய எழுத்தில், முழுத் திரையில் வர வேண்டும்.